மேடையில் சொன்ன கொழும்பு

முதலாளி செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போனார் என்றால், புதன்கிழமை மாலைக்குள் எங்கள் ஊரில் அதற்கு மூன்று விளக்கங்கள் இருக்கும். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தைக் கொழும்பு லீக்கில் பதியப் போயிருக்கிறார். ஆபிரிக்க வீரர்கள் இரண்டு பேரைப் பேசி முடிக்கப் போயிருக்கிறார். மைதானத்தில் கொட்டகை அடிக்க இரும்பு பார்க்கப் போயிருக்கிறார். உண்மையில் அவர் ஐஸ் பெக்டரிக்கு ஏதாவது உதிரிப்பாகம் வாங்கப் போயிருப்பார். வியாழக்கிழமை அந்தப் பெட்டி லொறியில் வந்து இறங்குவதை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் விளக்கங்கள் மாறுவதில்லை.

நான் அப்போது ஒரு தினசரிக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். செய்தியைக் கையால் எழுதி, கொமினிகேஷன் கடையில் பெக்ஸ் அனுப்புவேன். ஞாயிறு மாலைகளில் மட்டும் கோல் கம்பத்துக்குப் பின்னால் மற்றவர்களோடு நின்று கத்துவேன்.

எங்கள் மைதானம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டு. சுனாமி அதன் மேலால் போய் வாவியில் விழுந்தது. கழகக் கட்டடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. அணியில் ஐந்து பேர் இல்லாமல் போனார்கள். ஒரு கோல் கம்பம் வாவிக்குள் சேற்றில் குத்தி நின்றது. மீனவர்கள் அதில் தோணி கட்டினார்கள். நான்கு மாதம் அங்கே யாரும் பந்து உதைக்கவில்லை. பிறகு ஒருநாள் ஐஸ் பெக்டரி முதலாளியின் டிரக்டர் இரண்டு புதிய கம்பங்களை ஏற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் பந்துகள், பூட்ஸ், நீல நிற ஜேர்சிகள்.

எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகங்களுக்கு உடைமையாளர் என்று யாரும் கிடையாது. பணம் கொடுத்துத் தாங்குகிறவரைக் கடிதத் தலைப்பில் 'போஷகர்' என்று போடுவார்கள். ஆனால் கம்பத்துக்குப் பின்னால் நின்ற நாங்கள் அவரைக் கழகத்தின் முதலாளி என்றே கொண்டோம். கம்பம் நட்டவர் சும்மா நட்டிருக்கமாட்டார் என்பது எங்கள் துணிபு. ஆறு மாதத்தில் இரண்டு கிண்ணங்களும் வந்துவிட்டன.

"மனிசன் அமத்தி வாசிக்கிறாரு. பெரிய பிளான் ஒண்டு இரிக்கி" என்பார் ஒருவர்.

"பிளான் இல்லாமலா மச்சான் ரெண்டு சோடி வலை வாங்கினவரு? ஒரு சோடி கொழும்புக்கு."

"கொழும்புல வலை இல்லாமலா இரிக்கி, விசரா?"

இரண்டாவது கிண்ணத்துக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பிரமுகரிடம் ஏதாவது வேண்டுமென்றால் தனியே போய்க் கேட்பதில்லை. அவரை மேடையில் இருத்தி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அவர் அதைச் செய்யப்போகிறார் என்று அவருக்கு முன்னாலேயே ஒலிவாங்கியில் அறிவித்துவிடுவார்கள். மாலை கழுத்தில் இருக்கையில் எவரும் மறுப்பதில்லை. பாடசாலைக்கு மதில் வந்தது அப்படித்தான். வாசிகசாலைக்குக் கூரை வந்ததும் அப்படித்தான். மேடையில் இருப்பவர் கைகூப்பிச் சிரித்தால் காரியம் முடிந்தது என்று பொருள்.

கழகச் செயலாளர் சங்கக்கடை முகாமையாளர். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுக்க மெல்லிய குரலில் பேசுகிறவர், ஒலிவாங்கி கிடைத்தால் வேறு ஆளாகிவிடுவார். "வருகிற பருவத்தில் எமது கழகம் கொழும்பு லீக்கில் களமிறங்கும்! வீரர்களுக்கு மாதச் சம்பளம் வழங்கப்படும்! இதோ, எமது போஷகர் அவர்கள்!" என்றார். கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. முதலாளி கைகூப்பிச் சிரித்தார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து இரண்டே வசனம் பேசினார்.

"எல்லாருக்கும் நன்றி. சோடா குடிச்சிட்டுப் போங்க."

என் குறிப்புப் புத்தகத்தில் அந்த இரண்டு வசனங்களும் இருக்கின்றன. ஆனால் அன்று நான் அனுப்பிய செய்தியில் கொழும்பு லீக்கையும் மாதச் சம்பளத்தையும் 'போஷகர் அறிவித்தார்' என்று எழுதினேன். எங்கள் ஊர் வழக்கப்படி அது பொய்யும் அல்ல.

அந்தச் செய்தியை வெட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர் எங்கள் கோல்காப்பாளர். அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நெடிய கைகள். பந்து வருமுன்னரே பாய மாட்டார்; உதைப்பவனின் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். சுனாமியில் தகப்பனும் தங்கையும் போனபின் தாயோடு பலகை அடித்த தற்காலிகக் கொட்டிலில் இருந்தார். கட்டாரில் ஒரு களஞ்சியசாலையில் அவருக்கு வேலை சரிவந்திருந்தது. காத்தான்குடி ஏஜென்சிக்காரர் விசாவைக் கையில் கொடுத்து, ஆறு கிழமைக்குள் பறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். தாய் சூட்கேஸ்கூட வாங்கிவிட்டாள்.

விழா முடிந்த மறுநாள் அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணன், பேப்பர்ல மாதச் சம்பளம் எண்டு போட்டிரிக்கி. அது சரிதானே?"

"மேடையில சொன்னதுதான்."

"அப்ப நான் ஏன் போகணும்? அம்மாவ ஆர் பாக்கிற? இந்தக் கொட்டிலுக்க தனிய விட்டுட்டு..."

"யோசிச்சுச் செய்" என்றேன். அந்த அளவுக்குத்தான் நான் சொன்னேன்.

மூன்றாவது கிழமை முதலாளி என்னைப் பெக்டரிக்குக் கூப்பிட்டார். ஐஸ் கட்டிகளைத் தள்ளும் சறுக்குப் பலகைக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தார். எந்நேரமும் எதுவோ ஓடிக்கொண்டிருக்கும் இடம் அது. பேச்சை உரக்கத்தான் பேச வேண்டும்.

"தம்பி, நான் கொழும்பெண்டு ஒண்டும் சொல்லல்லயே."

"செயலாளர் சொன்னவர். நீங்க கைகூப்பினீங்க."

"கழுத்துல மாலை கிடக்கக்க வேற என்னத்தச் செய்யிற?" என்று சிரித்தார். பிறகு தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னார். அது மிகச் சிறியது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வயல் வட்டைகளுக்கு நடுவே ஒரு ஊர். அந்த ஊர் அணியோடு அவர் பத்தொன்பது வயதில் அவர்களுடைய மைதானத்திலேயே இறுதியாட்டம் ஆடினார். கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அவர்தான் உதைத்தார். பந்து வெளியே பக்கத்து வயலுக்குள் போய் விழுந்தது. அந்த ஊர்ப் பெண்கள் வரம்பில் நின்று சிரித்தது இன்னமும் கேட்கிறது என்றார்.

"அந்த மைதானத்துல அவங்கள ஒருக்கா வெல்லணும். அது காணும் எனக்கு. கொழும்பு லீக்குக்கு ஆர் போற? எனக்கு ஐஸ் விக்கவே நேரமில்ல."

திருத்தம் ஒன்று போடவா என்று கேட்டேன். அவர் கையை வீசினார். "விடுங்க தம்பி. சனம் ஒரு கதையில இரிக்கிது. இரிக்கட்டும்."

சைக்கிளில் திரும்பிவரும்போது கணக்குப் பார்த்தேன். விசா முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. கோல்காப்பாளரின் கொட்டில் வழியில்தான். அவர் வாசலில் நின்று பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணன், முதலாளி என்ன சொன்ன?" என்று கேட்டார். "ஒண்டுமில்ல, சும்மா கதைச்ச" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தேன்.

முதலாளி தனிப்படச் சொன்னதை வெளியே விடக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நிருபருக்கு அது நல்ல காரணம். மற்றக் காரணம் எளிது: ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கம்பங்களுக்கு நடுவே வேறொருவர் நிற்பதை நான் விரும்பவில்லை.

விசா முடிந்தது. சூட்கேஸ் கொட்டிலின் மூலையில் உடுப்புப் பெட்டியானது.

முதலாளி படுவான்கரை அணிக்குக் கடிதம் எழுதினார். ஆட்டத்துக்கு ஒரு மாதம் குறித்தார்கள். அதற்குள் சண்டை திரும்பத் தொடங்கியது. வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். பாதை நின்றது. ஷெல் சத்தம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது. சில கிழமைகளில் அந்தப் பக்கத்துச் சனம் சட்டிபானையோடு இந்தப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு வந்தது. அவர்களுடைய மைதானத்தில் என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. எங்களுடைய மைதானத்தில் ஒருநாள் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. கோல்காப்பாளரையும் ஏற்றிப் போனார்கள். முதலாளி கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு முகாம் வாசலில் போய் நின்றார். இரண்டாம் நாள் விட்டார்கள். அந்த இரண்டு நாளும் நான் எதையும் எழுதவில்லை. அவருடைய தாய் என் வீட்டுப் படலைக்கு வந்து, "போயிருந்தா இந்நேரம் கட்டார்ல இரிந்திரிப்பான், மனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பேப்பரில் ஆள் காணாமற்போன செய்தியைப் போட முடியுமா என்று கேட்கத்தான் வந்தவள்.

அதன் பிறகு கோல்காப்பாளர் ஐஸ் பெக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டி உடைக்கும் வேலை. மாதச் சம்பளம் என்று பேப்பரில் வந்தது அந்த அளவில் நிறைவேறியது.

ஆட்டங்கள் இல்லாத அந்த இரண்டு மூன்று வருடங்களில் எதிர்பார்ப்பு குறையவில்லை; கூடியது. கம்பங்களுக்குப் பின்னால் நிற்க முடியாதவர்கள் சந்தியில் நின்றார்கள்.

"பாதை திறக்கட்டும். அதுக்காகத்தான் முதலாளி பாத்துக்கொண்டிரிக்காரு."

"லீக்கில இடம் எடுத்து வெச்சிரிக்காராம். கொழும்புல ஐஸ் விக்கிற ஆள் ஒருவன் சொன்ன."

"உனக்கு ஐஸ் விக்கிறவன் சொன்னா சரி. எனக்கு மீன் விக்கிறவன் சொன்ன, ஸ்டேடியமே கட்டுறாராம்!"

நான் அந்தக் கூட்டத்தில் நிற்பேன். கோல்காப்பாளர் பெக்டரியிலிருந்து கைகள் விறைக்க வந்து, எங்கள் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் எடுப்பேன். பிறகு யாராவது வேறு எதையாவது தொடங்குவார்கள்.

போர் முடிந்த வருடம் படுவான்கரை ஊரிலிருந்து பதில் கடிதம் வந்தது. வாங்கோ, ஆடுவோம் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் ஏழு டிரக்டர் சனம். பாதை நான்குமுறை போய்வந்தது. அவர்களுக்குப் பதினொரு பேரைச் சேர்க்கவே சிரமமாக இருந்தது. இடதுபுறம் ஆடியவர் அந்த ஊர்ப் பாடசாலை ஆசிரியர், நாற்பது வயதிருக்கும். மைதானத்தின் ஒரு மூலையில் நாடா கட்டி, கண்ணிவெடி இருக்கலாம், அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று பலகை போட்டிருந்தார்கள். பந்து அங்கே போனால் புதிய பந்துதான்.

நாங்கள் முதற்பாதியில் ஒரு கோல் போட்டோம். கடைசிப் பத்து நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி. முதலாளி கதிரையிலிருந்து எழுந்து நின்றார். ஆசிரியர்தான் உதைக்க வந்தார். எங்கள் கோல்காப்பாளர் அசையாமல் அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் வலப்பக்கம் பாய்ந்து, பந்தை விரல் நுனியால் கம்பத்துக்கு வெளியே தள்ளினார். ஒன்றுக்குச் சைபர். முதலாளி மைதானத்துக்குள் ஓடவில்லை. கதிரையில் திரும்ப இருந்து முகத்தைச் சால்வையால் துடைத்தார். வரம்பில் நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்கள் ஆசிரியருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பாதையில் முதலாளியும் கோல்காப்பாளரும் நானும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் பாட்டும் தகரச் சத்தமும்.

"முதலாளி, இனிக் கொழும்பு எப்ப?" என்றார் கோல்காப்பாளர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"எந்தக் கொழும்பு, மனே?"

"லீக்... பேப்பர்ல வந்திச்சே."

முதலாளி என்னைப் பார்த்தார். "அதுவா? அதத் தம்பிக்கு அப்பவே சொல்லிட்டனே. எனக்கு இந்த ஆட்டம்தான். காணும்."

கோல்காப்பாளர் என் பக்கம் திரும்பினார். "அப்பவே எண்டா எப்ப அண்ணன்?"

நேரம், இடம் தவறாமல் சொல்வது என் தொழில். "விசா முடிய மூணு கிழமை இரிக்கக்க" என்றேன்.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். ஏச்சை எதிர்பார்த்தேன். அவர் பாதையின் மறுமுனைக்குப் போய், டிரக்டர் சில்லுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கரை வரும்வரை திரும்பவில்லை. இப்போது அந்த இடத்தில் பாலம் இருக்கிறது. அதில் கடக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. அன்று அந்தப் பயணம் முடியவே இல்லை.

திங்கட்கிழமை அவர் காத்தான்குடி ஏஜென்சிக்குப் போனார். இந்த முறை விசா வர ஏழு மாதம் எடுத்தது. வேலையும் களஞ்சியத்தில் அல்ல, வெயிலில். கழகம் பிரியாவிடை வைத்தது. அவர் வேண்டாம் என்றார், செயலாளர் கேட்கவில்லை. மேடை, மாலை, பொன்னாடை. முதலாளி வந்திருந்தார். நான் முன்வரிசையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தேன். கூட்டத்தில் பாதிப் பேர், காத்தான்குடிப் புடைவைக் கடைக்காரர் ஒருவர் கழகத்தை எடுக்கப்போகிறாராம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "எமது கோல்காப்பாளர் இரண்டு வருடத்தில் திரும்பி வந்து, எமது அணியின் பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பேற்பார்!" கைதட்டினார்கள். அடுத்தது கைகூப்பிச் சிரிக்க வேண்டிய இடம். எல்லோரும் அதற்குக் காத்திருந்தார்கள்.

அவர் எழுந்து மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். ஒலிவாங்கி வரை நடந்தார்.

"இல்ல அண்ணன். அப்பிடி நான் சொல்லல்ல. திரும்பி வருவனா எண்டு எனக்குத் தெரியாது. அம்மாவ மட்டும் பாத்துக்கங்க."

எங்கள் ஊர் மேடையில் அப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. செயலாளர் கைதட்டப் போன கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். கோல்காப்பாளர் பேசியதை நான் சொல்லுக்குச் சொல் எழுதினேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பெக்ஸ் அனுப்பினேன். அந்தச் செய்தி பேப்பரில் வரவில்லை.

அன்று அவர் மேடையிலிருந்து இறங்கிப் போகும்போது என் கதிரையைக் கடந்தார். "எழுதினீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்."

"நான் சொன்னத மட்டும்தானே?"

"ஓம்" என்றேன். அவர் புத்தகத்தை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.