விடும்போது வலித்த பல்

"கடிக்கறப்ப வலிக்குதுங்களா, உடறப்ப வலிக்குதுங்களா?"

கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை கொல்லங்கோட்டுக்கு வரும் பல் டாக்டர், சென்ற மாதம் என்னிடம் கேட்ட கேள்வி இது. வலி என்றால் வலிதானே... அதில் இத்தனை நுட்பமா?

கீழ்த்தாடையின் வலப்பக்கம். சொத்தையில்லை, வீக்கமில்லை. ஆனால் விடியற்காலைக் குளிர்காற்று பட்டால் சுரீரென்று இழுக்கும். பெருமாட்டிக் கோயிலில் பாசுரம் பாட வாய் திறந்தால் பாதி வரியில் நின்றுபோவேன். மார்கழியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

முன்பு பார்த்த வைத்தியர் ஒருவர், "பக்கத்துப் பக்கத்துப் பல்லு ரெண்டுல ஒண்ணுதான். ரெண்டையும் எடுத்துரலாம்" என்றிருந்தார். எடுத்தால் புண் ஆறுவதற்குள் மார்கழி பிறந்துவிடும். வாய் பொத்திப் பின்வரிசையில் நிற்க வேண்டியதுதான்!

துணைக்கு வந்த என் மைத்துனர் பழனிச்சாமிக்கு அதில் வருத்தமில்லை. "புடுங்கீருங்க மாமா. இந்த மார்கழியிலயாச்சு ஊரு நிம்மதியாத் தூங்கட்டும்."

டாக்டர் சிரிக்கவில்லை. பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியைப் பல்லின் ஒவ்வொரு மேட்டிலும் வைத்து, கடிக்கச் சொன்னார், விடச் சொன்னார். ஓரிடத்தில் கடித்தபோது ஒன்றுமில்லை. விட்டேன்... உயிர் போயிற்று!

"சன்னலைச் சாத்துங்க" என்றார். சிறிய எலெக்ட்ரிக் டார்ச்சை அந்தப் பல்லின் பக்கவாட்டில் பிடித்தார்.

எட்டிப் பார்த்த மைத்துனர் கூவினார்: "அட! பாதிப் பல்லு வெளக்காட்டம் எரியுது மாமா. மீதி இருட்டாக் கெடக்குது!"

"வெளிச்சம் விரிசலைத் தாண்டாதுங்க" என்றார் டாக்டர். "ஏனுங்கய்யா, கொட்டைப்பாக்கு கடிப்பீங்களா?"

"வெற்றிலையே போடுவதில்லை."

"கற்கண்டுங்க டாக்டர்!" மைத்துனர் முந்திக்கொண்டார். "அர்ச்சகர் குடுத்த பிரசாதத்தை வாயில போட்டதுமே இவரு பாடற முறை வந்துரும். துப்பவும் கூடாது, அப்படியே முழுங்கவும் முடியாது. கடக்குனு ஒரு கடி... அப்பறந்தான் மொத வரி!"

டாக்டர் சொன்னார்: "விரிசல் வேருக்கு இன்னும் போகலைங்க. தங்க உறை போட்டு இறுக்கிட்டா பல்லு நிக்கும்."

மற்றவர்களெல்லாம் 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்டார்கள். இவர் 'எப்போது?' என்று கேட்டார். என்ன கூர்மை! எங்கும் நிறைந்தவன் என் கண்ணுக்கு ஏன் மறைந்தான் என்று ஆயுள் முழுவதும் உருகிப் பாடியவன் நான். விளக்கை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது என்பதும் ஒரு ஞானமே என்று அந்த இருட்டறையில் உணர்ந்தேன்.

மார்கழி பிறந்தது. உறையிட்ட பல்லோடு முன்வரிசையில் நின்றேன். குளிர்காற்று பட்டது, வலி வரவில்லை. இப்போதெல்லாம் கற்கண்டு முழுவதும் கரையும்வரை மௌனமாகக் காத்திருந்துதான் முதல் வரியைத் தொடங்குகிறேன்.

மொத்தப் பாட்டிலும் நான் பாடாத அந்த இடம்தான் இனிமையாக இருக்கிறதாம் — மைத்துனர் சொல்கிறார்.