துண்டு பொறுக்கிய கஞ்சி

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நான்கு பொம்மைகள் வரும். ஒன்று தொப்பி போட்டிருக்கும், ஒன்று பொட்டு வைத்திருக்கும், ஒன்று சிங்களம் கலந்து கதைக்கும், ஒன்றுக்குக் காது கேளாது. சண்டையில் தொடங்கிப் பாட்டில் முடிப்பார்கள். எனக்கு எட்டு வயது. முஸ்லிம் ஊரான மருதமுனை முடியும் ஒழுங்கையில் எங்கள் வீடு, எதிர்ப்பக்கம் தமிழூரான பாண்டிருப்பு. அங்கிருந்து என் தோழி பார்க்க வருவாள். பள்ளிக்கூடங்கள் வேறு, ஒழுங்கை ஒன்று.

அந்த ரமழானில் தொப்பிப் பொம்மை மற்ற மூவருக்கும் நோன்புக் கஞ்சி கொடுத்தது. கொடுக்குமுன், யார் எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று கேட்டது. தனக்கும் கஞ்சி வேண்டும் என்றாள் தோழி. அவர்கள் மாட்டிறைச்சி தின்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

பின்னேரம் பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சியிலிருந்து இறைச்சித் துண்டுகளைக் கரண்டியால் பொறுக்கினேன். பதினேழு துண்டு. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன்.

தோழியின் தாய் கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தார். வெளியூரில் இருக்கும் மூத்த மகன் வீடு வரவேண்டுமென்று மூன்று வருடம் தீ மிதிப்பதாக அம்மனுக்கு நேர்த்தி. இது மூன்றாவது வருடம். மகனின் படம் சுவரில் இருந்தது.

"இறைச்சி போட்டதா புள்ள?"

"ஒரு துண்டும் இல்ல அன்ரி."

நான் பொய் சொல்லவில்லை. பொம்மைகள் எல்லாம் சேர்ந்துதான் குடித்தன, அன்ரியும் குடிக்க வேண்டும் என்றேன். காப்புக் கட்டியவர்கள் பிறர் வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"நீயும் நோன்பு, நானும் விரதம். ரெண்டு பேரும் ஒண்டுதானே" என்று சிரித்துவிட்டு இரண்டு வாய் குடித்தார். தோழியும் குடித்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் அன்ரி எல்லாத் துண்டையும் பொறுக்கி எடுத்தன்."

அவர் குவளையை நிலத்தில் வைத்தார். துப்புவதற்குக் கிணற்றடிக்கு ஓடப்போன மகளைக் கையால் தடுத்தார். படத்தைப் பார்த்தார்.

"சரி புள்ள. பாங்கு சொல்லப் போகுது, வீட்ட போ."

மறுநாள் வாளி கழுவித் திரும்பி வந்தது. வெறுமையாக அல்ல, உள்ளே நான்கு வாழைப்பழம் இருந்தது. தீமிதிப்பன்று அவர் வேலியோரம் சனத்தோடு நின்றார். கையில் காப்பு இல்லை. கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றார். என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை தோழி வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. பொம்மைகள் பாடின, நான் தனியே பார்த்தேன்.

பல வருடம் கழித்து, செய்தி எடுக்கப் போன இடத்தில், காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் குந்தியிருந்த தாய்மாரிடையே அன்ரியைக் கண்டேன். மடியில் அதே படம். அதற்கு இன்னும் மாலை இல்லை.

வெளியூரில் இருக்கும் மகனை வரவழைக்க எதற்குத் தீ மிதிக்க வேண்டும், ஒரு டெலிபோன் கோல் எடுத்தால் போதாதா என்றுதான் அன்று வெறுங்கையோடு ஒழுங்கையைக் கடந்து திரும்புகையில் நான் யோசித்தேன்.