மதில் தாண்டி வந்த மாவு

வெங்கடபதிக்குத் தயிருக்கு உறை ஊற்றத் தெரியும். அதை நிறுத்தத்தான் தெரியவில்லை. புற்றுநோய்க்கு ஊசி ஏறத் தொடங்கியதிலிருந்து அவர் மனைவி ராமாமணிக்கு எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்கியதுபோல் இருந்தது. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டியது. ஆனாலும் நாள் தவறாமல் பாலைக் காய்ச்சி, ஆற்றி, உறை ஊற்றிக்கொண்டிருந்தார் வெங்கடபதி. தயிரில்லாமல் ராமாமணி வீட்டை வைத்துக்கொண்டதே கிடையாது. உறை ஊற்றுவதை நிறுத்தினால், அவர் இனி எழுந்து வரப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடாதா? தின்ன ஆளில்லாமல் ஃப்ரிட்ஜில் கிண்ணம் கிண்ணமாகத் தயிர் புளித்தது.

எடை இன்னும் இறங்கினால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று வெங்கடபதி கேட்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி எடை பார்ப்பார்கள்.

போத்தனூரில், ரயில் கூவுவது கேட்கிற ஒரு சந்தில் அவர்கள் வீடு. பம்ப் மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியில் காயில் சுற்றியே ஓய்வு பெற்றவர் வெங்கடபதி. மில் வைத்திருக்கிற நாயுடு சொந்தக்காரர்கள் அவருக்கு உண்டு. அவர்களுக்குத்தான் அவர் இல்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்தால் தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். கிரகம் சரியில்லாமல் எந்த மோட்டாரும் எரிந்ததில்லை என்பார். இந்த வாயெல்லாம் கம்பெனியில்தான். வீட்டுச் சமையலறையில் ராமாமணி வைத்ததே சட்டம்.

சனிக்கிழமை காலை புளித்த தயிரை வெளியே கொண்டுபோய்ச் சாக்கடையில் சாய்க்கப் போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரம்லா பார்த்துவிட்டார்.

"ஏனுங்ண்ணா, அதைய எதுக்குக் கொட்டறீங்க?"

"புளிச்சுப்போச்சு அம்மணி. வாயில வெக்க முடியாது."

"புளிச்சாத்தானுங்க ரொட்டிக்கு நல்லது! இங்க குடுங்க. தண்ணியே ஊத்தாமப் பெசைஞ்சா பஞ்சாட்டம் வரும். நீங்க பாட்டுக்குச் சாக்கடைக்கு விருந்து வெக்கறீங்க."

வெங்கடபதி கிண்ணங்களை மதில் மேல் வைத்தார்.

அந்த மதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இரண்டு குடும்பமும் அக்கம்பக்கம். ராமாமணி வீட்டுப் பொங்கல், முறுக்கு, அதிரசம் எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் போகும். அங்கிருந்து இங்கே வருவது ஆப்பிள், பேரீச்சை, கடையில் வாங்கி நூல் பிரிக்காத மிட்டாய்ப் பெட்டி. அடுப்பேறியது எதுவும் வராது. ராமாமணி ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. முதல் பெருநாளுக்கு வந்த பிரியாணி அப்படியே வேலைக்காரம்மாவிடம் போனதை ரம்லா பார்த்தார், அவ்வளவுதான். ராமாமணி கறி தின்னாதவரும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டில் கோழி வேகும். ஆகவே கோழிக்குத் தீட்டில்லை. அதை வதக்குகிற கைக்குத்தான் தீட்டு. இதை மரியாதை என்றும் பழக்கம் என்றும் நாசூக்காகச் சொல்லிக்கொண்டு நம் ஊரில் எத்தனையோ தெருக்கள் சிரித்த முகமாக வாழ்கின்றன. அவமானத்தை வாங்கிக்கொண்டவர் வாய் திறக்காததாலேயே அது அவமானம் இல்லை என்று ஆகிவிடுமா?

மத்தியானம் ரம்லா வீட்டுக் கல்லிலிருந்து வாசனை கிளம்பியது. நெய்யும் புளிப்பும் லேசாகக் கருகிய கோதுமையும் கலந்த வாசனை. வெங்கடபதி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார், ராமாமணிக்குக் குமட்டுமே என்று.

"எதுக்குச் சாத்தறீங்க? தொறங்க" என்றார் ராமாமணி கட்டிலிலிருந்து. "என்ன வாசனை அது?"

சாப்பாட்டைப் பற்றி அவர் வாயைத் திறந்து கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

"ரம்லா ரொட்டி சுடுது. நம்ம தயிருல."

"நம்ம தயிரா?" ராமாமணி சற்று நேரம் ஜன்னலையே பார்த்தார். "வாயில எச்சி ஊறுதுங்க."

வெங்கடபதி மதிலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். ரம்லாவின் முகம் மலர்ந்தது. உள்ளே போனவர், ஈரத்துணி போர்த்திய கிண்ணத்தோடு வந்தார். அதில் இருந்தது ரொட்டி அல்ல, மாவு.

"ராத்திரிக்குன்னு எடுத்து வெச்ச மாவுங்ண்ணா. உங்க அடுப்புலயே சுட்டுக்குங்க. அக்காவுக்குச் சங்கடம் வேண்டாம் பாருங்க."

யோசித்துத்தான் கொடுத்தார். இத்தனை வருடம் இரண்டு வீடும் காத்து வந்த ஒழுங்கில் மாவு பச்சைப் பொருள், ரொட்டி சமைத்த பொருள். அந்த அன்புக்குள்ளேயும் எல்லைக்கோடு இருந்தது. போட்டது ராமாமணி, பிறழாமல் நடந்தது ரம்லா.

வெங்கடபதி பூரிக்கட்டையைப் பிடித்தார். முதல் ரொட்டி கல்லில் ஒட்டியது. இரண்டாவதற்கு மாவைத் தூவித் தூவித் தேய்த்தார். ஓரம் ஒரு கனம், நடு ஒரு கனம். கருகிவிடுமோ என்று தீயைக் குறைத்து வைத்துக் காயவிட்டார். தட்டில் போட்டபோது டக் என்றது.

ராமாமணி ஒரு விள்ளல் கடித்துப் பார்த்துத் தட்டை நகர்த்தினார். "ஏனுங்க, இது ரொட்டியா, பம்ப்புக்குப் போடற கேஸ்கட்டா?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். வெங்கடபதிக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் ஊறிய எச்சில் திரும்ப வற்றுவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ சுட்டதையே வாங்கியாந்திருக்கலாமில்ல?" ராமாமணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தயிரு நம்முளுதுதான..."

"அந்தச் சமாதானத்த எங்கிட்டச் சொல்லாத ராமாமணி!" வெங்கடபதி தட்டைத் தூக்கிக் காட்டினார். "மாவு அந்தப் புள்ள கை பெசைஞ்சது. அதுல ஒரு குத்தமும் இல்ல. தேச்சதும் சுட்டதும் என் கை. திங்க முடியாமப் போனது என் கை பட்டதுனாலதான். இப்பச் சொல்லு, தீட்டு யாரு கையில இருக்குது?"

ராமாமணி கட்டிலிலிருந்து மெல்ல எழுந்தார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "கையப் புடிங்க" என்றார். வாசல் வரை வந்ததும் நிற்பார் என்று வெங்கடபதி நினைத்தார். நிற்கவில்லை. தெருவில் இறங்கி, அடுத்த கேட்டைத் தானே தள்ளினார்.

ரம்லாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழகிய வாய் பழகியதையே கேட்டது: "அக்கா, ஆப்பிள் நறுக்கட்டுங்களா?"

ராமாமணியின் கண் தாழ்ந்தது.

"ஆப்பிள் வேண்டாம் அம்மணி. ரொட்டி போடு. சூடா."

ரம்லா கல்லை ஏற்றினார். மூடி போட்டு ஒரு பக்கம், திருப்பி ஒரு பக்கம். ரொட்டி உப்பி எழுந்தது. ராமாமணி பிய்த்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். அடுத்த விள்ளலைப் பிய்த்தார். வெங்கடபதி அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரம்லா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்குக் கோவமில்லைன்னு நெனச்சுக்காதீங்க அக்கா. அந்த மொதப் பெருநாளு நான் ரெண்டு நாள் அழுதேன்."

"தெரியும் கண்ணு. தெரிஞ்சேதான் செஞ்சேன். அதுதான் பெரிய தப்பு." ராமாமணி தட்டை நீட்டினார். "கோவத்தோடயே இன்னொண்ணு போடு. நல்லாத்தான் வருது."

ரம்லா சிரித்துவிட்டார். கூடவே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளையும் ராமாமணி அந்தச் சமையலறையில்தான் சாப்பிட்டார். திங்கட்கிழமை அவர் எடைக்கருவியில் ஏறி நின்றபோது வெங்கடபதி முள்ளைப் பார்க்கவில்லை. நர்ஸின் முகத்தைப் பார்த்தார். எடை இறங்கவில்லை. கால் கிலோ ஏறியும் இருந்தது. ஊசி போடலாம் என்றார் டாக்டர்.

"பரவாயில்லையே! என்னம்மா சாப்பிட்டீங்க?"

ராமாமணி ஆஸ்பத்திரிக் கூடமே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்: "எங்க பக்கத்தூட்டு ரம்லா சுட்ட தயிர் ரொட்டிங்க."

பக்கத்து நாற்காலியில், வேறொரு நோயாளியோடு வந்திருந்த அவர்கள் சொந்தக்கார அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். புருவம் உயர்ந்தது. "ரம்லாவா? அவங்க ஊட்லயா சாப்பிட்டீங்க?"

"ஆமாங்க. அடுப்புப் பக்கத்துல உக்காந்து" என்றார் ராமாமணி. "மத்தியானத்துக்கும் அங்கதான் போறேன்."

வெங்கடபதி யாரையும் மனதுக்குள் கும்பிடவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லை. வெளியே வந்து, போனை எடுத்து, ரம்லாவின் எண்ணை அழுத்தினார். "அம்மணி, ஊசி போடறாங்க" என்று சொன்னார். 

"நல்லதுங்ண்ணா" என்றது அந்தப் பக்கம். "நேரத்தோட வந்து சேருங்க, மாவு பெசைஞ்சுபோட்டேன்."