வெறும் வயிறும் நைவேத்தியப் பாலும்

என் புத்தி மந்தமாகிக் கிடந்த காலத்தில் சொந்தக்காரர்கள் எல்லோருடைய புத்தியும் ரொம்பச் சுறுசுறுப்பாக வேலை செய்தது. எனக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காத ஆளே கிடையாது.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் வீடு சிதம்பரத்தில், கோயில் மணிச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில். ஒரே மகளைக் கடலூரில், திருப்பாப்புலியூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாண வேலை பார்த்த அலுப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த பொங்கல் வந்தும் அந்த அலுப்பு போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் தூக்கம். சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க நான் போர்வை தேடினேன். குரல் ஆம்பளைக் குரலாகிவிட்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும். குழம்பில் உப்பு இரண்டு தரம் விழும், அல்லது விழவே விழாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் ஆறாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பதிகம் ஒன்று உண்டு. தினமும் விளக்கேற்றிவிட்டு அதைத்தான் பாடுவேன். அது பாதியில் நின்றுவிடும். அடுத்த வரி தொண்டை வரைக்கும் வந்திருக்கிற மாதிரி இருக்கும், வாய்க்கு வராது. ஆடுகிற சாமி இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி அசையாமல் கிடக்கிறோமே என்று சாமி படத்துக்கு முன்னால் அழுவேன். எதற்கெடுத்தாலும் அழுகைதான் அப்போது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து என் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், அதனால் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணத்துல எத்தினி கண்ணு பட்டுச்சோ. உப்பு மொளகா கொண்டா, சுத்திப் போடுறேன்."

"இல்லக்கா, சனி. எனக்கு நடக்குற சனி இவளயும் புடிச்சிருக்கு" என்றார் வீட்டுக்காரர். அவருக்குத் துணிக்கடையில் வேலை. சனி அவரைப் பிடித்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை, நன்றாகத்தான் சாப்பிட்டார், நன்றாகத்தான் தூங்கினார்.

"சனியாவது. அந்த டிவி வந்ததுலேர்ந்துதாண்டா இவ இப்பிடி" என்றார் அண்ணி. இந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னபோது அவர் நாடகம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மகள்தான் கடலூருக்குக் கூப்பிட்டுக்கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, தைராய்டு என்றார். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஊறுகிற சுரப்பு ரத்தத்தில் கலந்து போனால்தான் உடம்பும் ஓடும், மூளையும் ஓடுமாம். அது குறைந்தால் ஞாபகம் மங்கும், கை கால் மரக்கும், காரணமில்லாமல் மனசு சோர்ந்துபோகும். "தினமும் காலையில வெறும் வயித்துல போடுங்க" என்று மாத்திரை கொடுத்தார்.

வெறும் வயிறு என்பதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? பிரதோஷம், சஷ்டி, சோமவாரம் என்று வருஷத்தில் பாதி நாள் என் வயிறு வெறும் வயிறுதான். விரத நாளில் பாலும் பழமும்தான் உண்டு, பாலைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அதுவும் சாமிக்கு வைத்த பால் பிரசாதம். பிரசாதத்தைப் போய் யாராவது சாப்பாடு என்பார்களா? அதனால் காலையில் குளித்து, விளக்கேற்றி, பாலையும் மாத்திரையையும் சாமிக்குக் காட்டிவிட்டு, அந்தப் பாலிலேயே மாத்திரையை விழுங்கினேன்.

மாதங்கள் போயின. டாக்டர் ஒவ்வொரு தரமும் "ஒழுங்கா போடுறீங்களா?" என்பார். "போடுறேன் சார்" என்பேன். ரத்தம் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மாத்திரையின் அளவைக் கூட்டுவார். மாத்திரை பெரிதாகப் பெரிதாக நான் இன்னும் மந்தமானேன். மனநல டாக்டரிடமும் ஒரு தரம் காட்டிவிடலாம் என்று வீட்டில் பேச ஆரம்பித்தார்கள். நான் அரைத்தூக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினார்கள்.

இதற்கு நடுவில் மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், எங்கள் பக்கம் அது எழுதாத சட்டம். ஆனால் மகளின் மாமியார் ஒருநாள் பழத்தட்டோடு வந்து, வாயெல்லாம் சிரிப்பாகப் பேசினார்.

"ஒங்களுக்கு எதுக்கு சம்பந்தி செரமம்? நாங்களே பாத்துக்குறோம். நீங்க பாட்டுக்குப் புள்ளைய எங்கனா வெச்சிட்டு மறந்துட்டீங்கன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. அப்போது எனக்கு எல்லாமே தாமதம்தான். மகள் மட்டும் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் என்னை நம்பவும் முடியாமல், விடவும் முடியாமல் இருந்தாள்.

அடுத்த தரம் வீட்டுக்காரரோடு டாக்டரிடம் போனபோது அவருக்கு என்ன தோன்றியதோ, "டப்பாவக் காட்டுங்கம்மா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு சந்தனம் குங்குமம்?"

"சாமி அலமாரியில இருக்குது சார். வெள்ளிக்கெழம எல்லாத்துக்கும் பொட்டு வெப்பேன்."

"மாத்திரைய எப்ப போடுறீங்க?"

"குளிச்சி, வெளக்கேத்தி, சாமிக்கு வெச்சிட்டு. வெறும் வயித்துலதான் சார்."

"எதுல முழுங்குறீங்க?"

"சாமிக்கு வெச்ச பாலுல. மாத்திர சூடு ஒடம்புல ஜாஸ்தி ஆவக் கூடாதுன்னு பெரிய டம்ளர் நெறைய."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"ஆமா சார். ஒரு நாள் தவறுனதில்ல. பாலு நாந்தான் வாங்கியாறேன்" என்றார் பெருமையாக.

பாலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் பிடித்துக்கொள்ளுமாம், ரத்தத்தில் சரியாகச் சேர விடாதாம். எழுந்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாலோ காபியோ என்றார். அளவையும் பழையபடி குறைத்தார்.

"அப்ப சாமிக்குப் பாலு வெக்கக் கூடாதா சார்?" என்றார் வீட்டுக்காரர் கவலையாக.

"சாமி தாராளமா குடிக்கலாங்க. அவருக்குத் தைராய்டு இல்ல."

வீட்டுக்கு வந்ததும் பெரிய சபை கூடியது. குளிக்காமல், விளக்கேற்றாமல் வாயில் ஒன்றை வைப்பதா? "இந்த வீட்டுல இதுவரைக்கும் நடந்ததில்ல" என்றார் அண்ணி. இந்த வீட்டில் இதற்கு முன்னால் யாருக்கும் தைராய்டு வந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் நின்று சொன்னேன்: சாமி, உனக்கு முன்னால் நான் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளப் போகிறேன். என் மகள் என் வீட்டுக்கு வரவேண்டும். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள், அவள்மேல் வைக்காதே. சாமி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணியைவிட அவர் எவ்வளவோ மேல்.

மாத்திரை மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்துவிடவில்லை. டாக்டரும் வாரக்கணக்கில் ஆகும் என்றுதான் சொல்லியிருந்தார். ஒருநாள் காலை பாடி முடித்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, பதிகம் கடைசி வரி வரைக்கும் வந்திருக்கிறது. பாடும்போது எனக்கே தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அண்ணி, "நான் சுத்திப் போட்டது வீண் போவல பாத்தியா" என்றார். போன வருஷத்து மிளகாய், ரொம்ப நிதானமான மிளகாய்தான்.

அண்ணியையும் கூட்டிக்கொண்டு வளைகாப்புக்குக் கடலூர் போனோம். பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தபோது சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இப்ப எல்லாம் ஞாபகம் இருக்குதா சம்பந்தி?"

"இருக்குது சம்பந்தி. புள்ளைய எங்கனா வெச்சிட்டு மறந்துடுவேன்னு நீங்க சொன்னதுகூட இருக்குது."

இந்தத் தரம் நான்தான் முதலில் சிரித்தேன். மற்றவர்கள் தாமதமாகச் சிரித்தார்கள். மகள் கை நிறைய வளையலோடு எழுந்துபோய்த் தன் துணிப்பையை எடுத்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "அம்மாகூடப் போறேன் அத்த" என்றாள். சம்பந்தி பதில் சொல்வதற்குள் அண்ணி எங்களுக்கு ஆரத்தி கரைக்கப் போய்விட்டார். அவரும் நல்லதுதான் செய்வார், சில சமயம்.

பேரன் சிதம்பரத்தில்தான் பிறந்தான். அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது பதிகம் முழுக்கப் பாடுவேன். சோப்பு கண்ணில் பட்டு அவன் போடுகிற சத்தத்தில் ஒரு வரி காணாமல் போனாலும் அடுத்த வரியைப் பிடித்துவிடுவேன்.

பேரனைப் பார்க்க சம்பந்தி முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். பேச்சோடு பேச்சாக மடியிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணும் சாப்புடல. ஒரு வாய் பாலு குடுங்க சம்பந்தி, இதப் போட்டுக்குறேன்."

என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை.

"பாலு சாமிக்கு வெச்சிருக்கேன் சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.