அட்மிஷன் மேடம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மேகலாவுக்கு டீயைக் கண்டாலே குமட்டும். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். எந்த வீட்டிலும் டீ வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டுப் பிள்ளை கைநழுவிப் போய்விடும் என்று கல்லூரியில் பயிற்சி வகுப்பு வைத்தே சொல்லியிருந்தார்கள். பாகு மாதிரி சர்க்கரை போட்டு வருவதை மிடறு மிடறாக விழுங்கிக்கொண்டு, "தம்பி எந்த குரூப்பு? மேத்ஸ்ல எவ்ளோ வரும்?" என்று முகம் கோணாமல் கேட்க வேண்டும்.

பெரம்பலூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவள் கணக்குப் பாடம் எடுத்தாள். சொந்த ஊர் குரும்பலூர். அப்பாவும் அம்மாவும் மக்காச்சோளக் காட்டில் கூலி வேலை பார்த்து எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று அசல் சான்றிதழ்களை ஆபீசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். எல்லோரும் கொடுத்தார்கள், அவளும் கொடுத்தாள். அப்போது வகுப்பில் பெஞ்சு போதாது. பையன்கள் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

பிறகு வருஷத்துக்கு வருஷம் கூட்டம் கரைந்தது. மெக்கானிக்கல் வகுப்பறையில் பழைய நாற்காலிகளைப் போட்டுப் பூட்டினார்கள். பாடம் நடத்துகிறவர்களே பிள்ளைகளையும் பிடித்து வர வேண்டும், பிடிக்காதவர்களுக்குக் கோடைச் சம்பளம் கிடையாது என்று உத்தரவு வந்தது. பெண்கள் போனால் அடுப்பங்கரை வரை விடுவார்கள் என்று கண்டுபிடித்து, கிராமங்களுக்கெல்லாம் மேகலா போன்றவர்களை அனுப்பினார்கள். தா.பழூர் பக்கம் அவளுக்கு விழுந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அட்மிஷன் மேடம் என்றே கூப்பிட்டார்கள்.

முதல் வருஷம் அவளுக்கு அது கெட்ட வேலையாகத் தோன்றவில்லை. "உயர்கல்வி வழிகாட்டி முகாம்" என்று பேனர் கட்டிப் பள்ளிக்கூடங்களில் கூட்டம் போடும்போது, உண்மையிலேயே வழிகாட்டப் போகிறோம் என்று நம்பினாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எதில் ஆர்வம், எது ஒத்துவரும் என்று கண்டறிய, பல ராத்திரி கண்விழித்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தாள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், நர்சிங், விவசாயம், கலைக் கல்லூரி என்று ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அட்மிஷன் ஆபீசர் அன்பழகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சூப்பர் மேடம்" என்றான். அடுத்த வாரம் முகாமில் அவன் தயாரித்து வைத்திருந்த முடிவுகளைப் படித்தபோது அவளுக்கு முகம் எரிந்தது. மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் பிடிக்கும் என்று எழுதியிருந்த பையனுக்கு பயோமெடிக்கல் இன்ஜினியரிங். படம் வரையப் பிடிக்கும் என்றவனுக்கு ஏ.ஐ. ஒன்றுமே எழுதாமல் வெறுந்தாளைக் கொடுத்த பெண்ணுக்கு சைபர் செக்யூரிட்டி. யார் என்ன எழுதினாலும் இந்தக் கல்லூரியில் காலியாகக் கிடக்கும் பிரிவில்தான் போய் முடிந்தது.

"இது ஏமாத்து இல்லீங்களா சார்?" என்று வேனில் திரும்பும்போது கேட்டாள்.

"நம்ம காலேஜ்ல ஐ.டி.ஐ. இருக்கா மேடம்? இல்லாதத எப்படிச் சொல்றது?" என்றான் அன்பழகன். சொல்லிக்கொண்டே பையிலிருந்து சானிடைசரை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்தான். பெற்றோர்களிடம் கைகொடுத்துப் பேசிவிட்டு வேனில் ஏறியதும் அவன் செய்கிற முதல் காரியம் அது. அந்த வாடையும் அவன் போட்டிருந்த சென்ட்டும் கலந்து வேன் முழுக்க அடிக்கும். மேகலா கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே முகத்தை நீட்டிக்கொள்வாள். ஆனாலும் மறுநாள் அதே வேனில்தான் ஏறினாள். அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்த அவள் கணவன் ராஜா, "எல்லா காலேஜும் இப்புடித்தான் இருக்கு, நீ ஒருத்தி மூக்கப் பொத்திக்கிட்டா மாறிருமா?" என்று கேட்டான்.

இப்படி நாலைந்து கோடை போனது. கீதாஞ்சலியைப் பார்த்தது அதற்கடுத்த கோடையில்.

தா.பழூர் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் முகாம். கூட்டம் முடிந்து பிஸ்கட் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கிட்டே வந்தாள். ஒல்லியாக, சத்தம் குறைவாகப் பேசினாள்.

"மிஸ், நான் ஆறாவதுலேருந்து இங்கதான் படிக்கிறேன். எனக்கு அக்ரி படிக்கணும். கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டுல கவுன்சலிங் போனா கெடைக்கும், ஃபீஸ்கூட கவர்மெண்டே கட்டும்னு எங்க பயாலஜி டீச்சர் சொன்னாங்க. உண்மைங்களா?"

உண்மைதான். முகாம் படிவத்தில் அந்தப் பெண் எழுதியிருந்த திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணுக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பும் இருந்தது. மேகலாவுக்கு அது நன்றாகத் தெரியும். பக்கத்தில் அன்பழகன் போனைப் பார்ப்பதுபோல் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் ரொம்பப் போட்டிம்மா" என்றாள் மேகலா. "நம்பி உக்காந்திருந்தா இந்த வருசம் வீணாப் போயிடும். கையில ஒரு சீட்டப் போட்டு வச்சுக்க."

சொன்ன வாயைத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கொப்பளிக்கவில்லை. பெண்ணின் போன் நம்பரை எழுதிக்கொண்டாள்.

ரிசல்ட் வந்த கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனாள். அப்பா அமிர்தலிங்கத்துக்குக் கொஞ்சம் நெல் வயல். அம்மா ஜெயலட்சுமி வாசலுக்கே வந்து, "வாங்க டீச்சரம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று உள்ளே கூட்டிப்போய் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். டீயும் முறுக்கும் வந்தன. கல்லூரி பஸ் வீட்டு வாசலுக்கே வரும், நூறு சதவீதம் வேலை உறுதி என்று மேகலா மனப்பாடமாகச் சொன்னாள். சீட்டை உறுதி செய்ய அசல் சான்றிதழ்கள் வேண்டும் என்றாள்.

கீதாஞ்சலி மட்டும், "ஜெராக்ஸ் குடுத்தா போதாதுங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"டீச்சரே நேர்ல வந்து கேக்குறாங்க, சும்மா இரு பாப்பா" என்று ஜெயலட்சுமி உள்ளே போய், துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்த மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேகலாவின் கையில் கொடுத்தாள்.

பிள்ளை அம்மா பேச்சைக் கேட்கவில்லை. பயாலஜி டீச்சரிடம் இருந்த நகல்களை வைத்து வேளாண்மைக் கவுன்சலிங்குக்கும் விண்ணப்பித்துவிட்டாள். தரவரிசையில் நல்ல இடம் வந்தது. அசல் சான்றிதழ்களோடு கோயம்புத்தூருக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்தது. ஜெயலட்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள்.

ஆபீசில் அன்பழகன் மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. "சீட்டு உங்க பேர்ல பிளாக் ஆயிடுச்சும்மா. கேன்சல் பண்ணணும்னா முழு வருச ஃபீஸக் கட்டிட்டு வாங்கிக்குங்க. காலேஜ் ரூல்" என்றான். அப்போது ஏதோ வேலையாக உள்ளே வந்த மேகலாவை ஜெயலட்சுமி பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை.

"நீங்கதான எங்க வூட்டுல ஒக்காந்து டீ குடிச்சுட்டு வாங்கிட்டு வந்தீங்க? நீங்களே எடுத்துக் குடுங்க."

தலை குனிந்து நின்ற கீதாஞ்சலி அப்போது நிமிர்ந்து பார்த்தாள். காலில் ஏதோ ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பது போன்ற பார்வை. மேகலா அவர்களை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு அன்பழகனிடம் திரும்பி வந்தாள்.

"சார், ஒரிஜினல எந்தக் காலேஜும் புடிச்சு வைக்கக் கூடாதுன்னு உத்தரவே இருக்கு. குடுத்துருங்க. அந்தப் பொண்ணு வாழ்க்கை."

"உத்தரவு தெரியுதுல்ல மேடம்? வாங்கிட்டு வரும்போது தெரியலியா?" அன்பழகன் நாற்காலியில் சாய்ந்தான். "உங்க ஒரிஜினலும் அதே பீரோலதான் இருக்கு. பாத்துக்குங்க."

அந்த பீரோவுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் ஓட்டியிருந்தாள். அந்த அறையில் அதற்குமேல் மூச்சுவிட அவளுக்குப் பிடிக்கவில்லை. வராந்தாவுக்கு வந்து ஜெயலட்சுமியிடம், "திங்கக்கெழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸுக்கு வந்துருங்க. மனு குடுக்கலாம். நானும் வரேன்" என்றாள்.

"நீங்க எதுக்கு?" என்றாள் ஜெயலட்சுமி.

"வாங்கிட்டுப் போனது நாந்தான்னு சொல்றதுக்கு ஆள் வேணும்ல."

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் பட்டா கேட்டும் பென்ஷன் கேட்டும் வந்த ஜனங்களுக்கு நடுவே மூவரும் வரிசையில் நின்றார்கள். மேகலாதான் மனுவை எழுதினாள். யார் வாங்கினார்கள் என்ற இடத்தில் தன் பெயரையும் பதவியையும் முழுதாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஜெயலட்சுமி கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மகளுக்கு மட்டும் கொடுத்தாள்.

மனுவை வாங்கிப் படித்த அதிகாரி, மேகலாவை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே வாங்கிட்டு நீங்களே புகார் குடுக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே கல்லூரிக்குப் போன் போட்டார். ரூல் எல்லாம் அந்த ஒரு போனில் பறந்துவிட்டது. சாயங்காலமே ஜெயலட்சுமியைக் கல்லூரிக்கு வரச்சொல்லி, சான்றிதழ்களை ஒரு பழைய கவரில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினார்கள். அவன் கேட்டுக்கு வெளியே வைத்து அதை ஜெயலட்சுமியிடம் கொடுத்தான். கல்லூரியில் ஒருவரும் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கீதாஞ்சலி கோயம்புத்தூர் போனாள். சீட்டும் கிடைத்தது.

மேகலாவை மறுநாள் கேட்டிலேயே நிறுத்தினார்கள். அவளுடைய சான்றிதழ்கள் அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. ஆசிரியர் விவகாரம் வேறு அலுவலகம் என்று அங்கும் இங்கும் அலையவிட்டு, தீபாவளி கழிந்த பிறகுதான் கைக்கு வந்தன. எம்.எஸ்சி. பட்டத்தின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. அதை மோந்து பார்த்தால் அந்த பீரோவின் வாடை அடித்தது. கூட வேலை பார்த்தவர்களில் ஒருவரும் போன் பண்ணவில்லை. ராஜா சில நாள் சிடுசிடுத்தான், பிறகு பழகிக்கொண்டான். அரியலூரில் ஒரு ட்யூஷன் சென்டரில் பதினொன்று, பன்னிரண்டுக்குக் கணக்கு எடுக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஆனால் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை.

அடுத்த கோடையில் ஒருநாள், கீழப்பழுவூர் தாண்டும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் சாலையோரத்தில் ஒரு ஃபிளெக்ஸைப் பார்த்தாள். அந்தக் கல்லூரியின் வழிகாட்டி முகாம் விளம்பரம். நடுவில் பெரிதாகக் கீதாஞ்சலியின் முகம். "எங்கள் வழிகாட்டலால் இன்று வேளாண் மாணவி" என்று கீழே எழுதியிருந்தது. மேகலாவுக்கு உண்மையிலேயே வாந்தி வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு புளிய மரத்தடியில் நின்று ஜெயலட்சுமிக்குப் போன் போட்டாள். அந்த நம்பரை அவள் அழித்திருக்கவில்லை.

"நான் மேகலா பேசுறேங்க. காலேஜ்லேருந்து உங்க வூட்டுக்கு..."

"தெரியுது, சொல்லுங்க."

"பாப்பா படத்தப் போட்டு போர்டு வச்சிருக்காங்க. கீழப்பழுவூர்ல. அதச் சொல்லலாம்னுதான்..."

"பாத்தோம். எங்க ஊர்லயும் வச்சானுவோ. அவுங்க அப்பா போயி அறுத்து எறிஞ்சுட்டு வந்தாரு."

"போலீஸ்ல எழுதிக் குடுங்க. நான் வேணா..."

"வேணாங்க. நாங்க பாத்துக்குறோம்."

"பாப்பா நல்லா படிக்குதுங்களா?"

"படிக்குது" என்றாள் ஜெயலட்சுமி. பின்னால் கோழி ஒன்று கத்தியது, அதை யாரோ விரட்டினார்கள். "இந்த நம்பருக்கு இனிமே கூப்புடாதீங்க" என்று சொல்லி, கோபமில்லாத குரலிலேயே போனை வைத்துவிட்டாள்.

அந்த அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்றே மேகலாவுக்குப் பட்டது. அடுத்த பஸ் வர நேரமாகும் என்றார்கள். ட்யூஷனுக்கு வந்து பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று நினைத்து, வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.