அம்மா பாண்டி ஆடிய வருடம்

மாலையில் பள்ளிப் பையோடு படியேறினால் கீழ்வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை, முதல் மாடியில் நெய் காய்ச்சும் வாசனை, இரண்டாம் மாடியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் நறுக்கி வைத்த வெள்ளரிக்காய். தொண்ணூறுகளின் நடுவில், மந்தைவெளியில், நான் நான்காம் வகுப்புப் படித்த வருடத்தை என் மூக்கு இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

நான் குண்டு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். தெருவில் "பூசணி", பள்ளியில் "ரோடு ரோலர்", கல்யாண வீடுகளில் மட்டும் மரியாதையாக "நல்ல புஷ்டி". பெயர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இரண்டு மாடி ஏறுவதற்குள் நெஞ்சு அடைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிடுவதைத்தான் மறைக்க முடியவில்லை. அதைப் பார்த்துப் பயந்த அம்மா ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் எடை பார்த்துவிட்டு, "சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அம்மா அதை ஒரு விரதம் போல எடுத்துக்கொண்டாள். விரதம் அவளுடையது, பட்டினி என்னுடையது. மறுநாளிலிருந்து அண்ணனுக்கு உருளைக்கிழங்கு வறுவல், ஏனென்றால் அவன் "ஊதினா பறந்துடுவான்". அப்பாவுக்குப் பொரித்த அப்பளம், ஏனென்றால் அவர் அப்பா. எனக்கு எண்ணெய் தொடாத இரண்டு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். பசிகூடப் பெரிதில்லை, அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தேன், அதுதான் வலித்தது.

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் வெறும் வாயோடு திருப்பி அனுப்பமாட்டார்கள். நான் போய்க் கதையைச் சொன்னதும் கீழ்வீட்டு மெஹருன்னிசா ஆன்ட்டி, "பச்சப் புள்ளைய யாராச்சும் பட்டினி போடுவாங்களா" என்று பரோட்டாவும் குருமாவும் வைத்தார். முதல் மாடி ருக்மிணி மாமி, "அம்மாட்ட சொல்லாதே, சமத்தா சாப்டுட்டுப் போ" என்று அடையின் மேல் வெண்ணெயை வைத்துக் கொடுத்தார். தான் ஒருத்திதான் இந்தப் புண்ணியத்தைச் செய்கிறோம் என்று இருவருக்குமே நினைப்பு. இரண்டையும் முடித்துக்கொண்டு மேலே வந்து, பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு சப்பாத்தியையும் சாப்பிடுவேன். மூன்று மாதத்தில் மூன்று கிலோ கூடியிருந்தது.

"நான் அளந்து அளந்துதான் போடறேன் டாக்டர்" என்று அம்மா தழுதழுத்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கடைசியில், "அம்மாவுக்கு என்னைப் பிடிக்கல" என்பதையும் சேர்த்து. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குழந்தைக்குன்னு தனிச் சாப்பாடு வேண்டாம்மா. வீடே ஒரே சாப்பாடு சாப்பிடட்டும். எடை குறையணும்னுகூட இல்ல, ஏறாம நின்னா போதும். வளர வளர உயரம் ஈடு கட்டிடும். நல்லா ஓடி விளையாடட்டும்" என்றார் அவர்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் கையை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். அன்றிலிருந்து தட்டுகளில் பேதம் ஒழிந்தது. எல்லோருக்கும் அளவாகச் சோறு, நிறையக் காய், ஒரு கரண்டி கூட்டு. அப்பாவின் அப்பளம் சுட்ட அப்பளமானது. "இவளால எனக்கும்" என்று அண்ணன் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அம்மா இரண்டு வீட்டுக்கும் இறங்கிப் போனாள். சண்டை போடப் போகிறாள் என்று நான் கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருக்க, அவளோ, "குடுக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், சுண்டலா குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விளையாட்டுதான் சிக்கலாக இருந்தது. ஓடத் தெரியாத பூசணியைத் தெருப் பிள்ளைகள் எந்த அணியிலும் சேர்க்கவில்லை. இரண்டு நாள் பால்கனியிலிருந்து இதைப் பார்த்த அம்மா, மூன்றாம் நாள் என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். செங்கல் துண்டால் பாண்டிக் கட்டம் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சில்லை எறிந்து ஒற்றைக் காலில் குதித்தாள். அம்மாவும் ஒல்லியில்லை. மாடி அதிர்கிறதே என்று பார்க்க வந்த ருக்மிணி மாமி கோட்டை மிதித்தோமா என்று பார்க்கும் நடுவரானார். மெஹருன்னிசா ஆன்ட்டி, "எனக்கும் ஒரு ஆட்டம் குடு" என்று வரிசையில் நின்றார். மழை நாள் தவிர எல்லா மாலையும் ஆடினோம், நான் அழுகுணி ஆட்டம் ஆடினேன், அம்மா கண்டுகொள்ளவில்லை.

அடுத்த ஜூனில் பழைய சீருடையின் கீழ்மடிப்பைப் பிரித்து நீளம் கூட்டினார்கள். இடுப்பில் கை வைக்கவேயில்லை. நான் ஒரே மூச்சில் இரண்டு மாடி ஏறினேன்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அங்கே எழும்பிய அடுக்ககத்தில் மொட்டை மாடிக்குப் பூட்டு. அடுத்த வீட்டுப் பிள்ளை உள்ளே வந்தால் அதற்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பெற்றோரைப் போனில் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறோம். அது நல்லதுதான், குறை சொல்லவில்லை.

போன மாதம் அம்மாவை முழங்கால் வலிக்காக அடையாறில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். எத்தனை நாளாக வலி என்று அவர் கேட்டார். இரண்டு வருடமாக என்று நான் வாயெடுப்பதற்குள் அம்மா, "இவ நாலாவது படிக்கறப்பலேர்ந்து டாக்டர். அப்பவே மாடிப்படிகூட அதிகம் ஏறாதீங்கன்னு சொல்லியிருந்தாங்க" என்றாள், பால் விலையைச் சொல்வது போல. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மருந்துச் சீட்டை அவர் எழுதி முடிக்கும்வரை, குனிந்து, அவளுடைய செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.