அண்ணனுக்காகத் தூக்கிய கை

கலைக்கூடத்தில் அவளுடைய வேலையே, வருகிறவர்களைக் கையைத் தூக்க வைப்பதுதான். மற்ற அறைகளிலெல்லாம் தொடாதே, நெருங்காதே என்று அதட்டிவிட்டு, கடைசி அறைக்கு வந்ததும் ஆடு, அசை என்றால் யார் ஆடுவார்கள்? அந்த இருட்டறையின் சுவர் முழுக்கக் கறுத்த ஏரி ஒன்றின் திரைக்காட்சி. எதிரே நிற்பவர் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தினால், கூரையிலுள்ள கேமரா அதைக் கண்டுகொள்ளும். உடனே ஏரியிலிருந்து வெள்ளைப் பறவைகள் கூட்டமாக எழும். பார்க்க வந்தவரின் உடம்பு அசையாவிட்டால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

குழந்தைகள் குதித்துத் தீர்த்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் நெளிவார்கள். ஒரு வங்கி மேலாளர் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்திவிட்டு, ரிப்பேர் போலிருக்கிறதே என்று குறைபட்டுக்கொண்டார். இப்படிப்பட்டவர்களுக்காகவே பணியாளர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பின்னால் போய் நின்று, சத்தமில்லாமல் தங்கள் கையைத் தூக்குவார்கள். அது யார் கை என்று கேமராவுக்கு என்ன தெரியும்? பறவை பறந்ததும் வந்தவருக்குக் கூச்சம் போய்விடும். பிறகு அவரே ஆடுவார்.

அந்த வித்தையைத்தான் அவள் தன் அண்ணனிடமும் காட்டினாள்.

அண்ணன் தையற்காரர். பெற்றவர்கள் போன பிறகு, மிஷினை மிதித்தே தங்கையை ஆளாக்கியவர். அவள் படித்ததும் வேலைக்குப் போனதும் அவருடைய வலது கையின் உழைப்பில்தான். பக்கவாதம் வந்து அதே கை துவண்டு தொங்கியது. முதல் சில மாதங்களில் பயிற்சியை விட்டுவிட்டால் பிறகு கையை மீட்பது கஷ்டம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அண்ணனோ யாரோடும் பேசாமல் படுத்தே கிடந்தார். மனம் கொஞ்சம் தேறட்டும் என்றுதான் அவரைக் கலைக்கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

ஏரிக்கு முன்னால் நின்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். நெற்றி நரம்பு புடைத்தது. கை அசையவில்லை. அவளால் தாங்க முடியவில்லை. பின்னால் நின்று தன் கையைத் தூக்கிவிட்டாள்.

பறவைகள் எழுந்தன. அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். தன் கண்ணுக்குத் தெரியாத அசைவைக்கூட மிஷின் கண்டுபிடித்துவிட்டது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தார். அவளும் வாரம் தவறாமல் தூக்கினாள். கடைசியில் அண்ணிதான் வந்து சொன்னாள்: பயிற்சி கொடுக்க வரும் பெண்ணை அண்ணன், கை தானாகவே சரியாகி வருகிறது, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம். அவள் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தாள். சோறு போட்ட கையைத் தானே முடமாக்கிக்கொண்டிருக்கிறோமா?

அடுத்த முறை அண்ணன் மனைவியையும் கூட்டி வந்தார். "இப்பப் பாரு, புருஷனோட வீரத்த" என்று அண்ணியை ஓரமாக நிறுத்திவிட்டு ஏரியைப் பார்த்து நின்றார். தங்கை கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுவர் இருண்டே கிடந்தது.

"என்ன வாலு, மிஷின் மக்கர் பண்ணுதா?" என்று தங்கையிடம் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"மிஷின் நல்லாத்தான் இருக்குண்ணே. இத்தன நாளும் கையத் தூக்கினது நான்."

அண்ணன் திரும்பித் தங்கையின் கையைப் பார்த்தார்.

"எங்க, தூக்கிக் காட்டு."

"வேணாம்ணே."

"காட்டுன்னு சொன்னேன்."

அவள் தூக்கினாள். அந்தக் கை அதற்கு முன் அவ்வளவு கனத்ததே இல்லை. கடைசிப் பறவை மறையும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்க்காமலே மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு வெளியேறினார்.

பயிற்சிப் பெண் மறுபடி வரத் தொடங்கினாள். தவறிப்போன வாரங்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது என்பதை அவள் கோபமில்லாமல் சொன்னது, தங்கைக்கு அடி விழுந்ததைவிட அதிகமாக வலித்தது.

இப்போது தினமும் வேலை முடிந்ததும் தங்கை அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அவர் மேஜைமேல் ஒரு துண்டை விரித்து, வலது கையை அதன்மேல் வைத்து முன்னால் தள்ளப் பார்ப்பார். ஒருநாள் அவருக்கு வியர்த்துக் கொட்டியதைக் கண்டு அவள் தன்னையறியாமல் அவர் முழங்கையைத் தாங்கப் போனாள்.

"கைய எடு" என்றார்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். துண்டில் மெல்லிய சுருக்கம் ஒன்று விழுந்தது. கை நகர்ந்ததா, உடம்பு சாய்ந்து துண்டு இழுபட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நகர்ந்தது என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.